துளியளவில் வெப்பமறிதல்: ‘என்தால்பி அணி’ ஆய்வும் மருந்துக் கண்டுபிடிப்பில் அதன் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மருந்து மூலக்கூறு புரதத்துடன் பிணையும்போது வெளிப்படும் அல்லது உட்கவரப்படும் வெப்பத்தை நேரடியாக அளப்பது கலோரிமீட்டர். இதற்குப் புரதம் மிகுதியாகத் தேவைப்படுவதால் மருந்துக் கண்டுபிடிப்பின் தொடக்க நிலைகளில் இக்கருவி பெரிதும் பயன்படவில்லை. இக்குறையைப் போக்க 2004இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த டோரஸ் முதலியோர் ‘என்தால்பி அணி’ என்னும் நுண்கருவியை அறிமுகம் செய்தனர். அக்கருவி எல்லா மூலக்கூற்று இடைவினைகளுக்கும் பொதுவான சோதனை முறை என அவ்வாய்வு முன்வைத்த கருத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கருவியைச் சிறிதாக்கும்போது கனஅளவு குறைகிறதே தவிரச் செறிவின் தேவை குறைவதில்லை என்பதும், அதனால் வலுவாகப் பிணையும் மருந்துகளைவிட வலுக்குறைந்த பிணைப்புகளுக்கும் நொதி வினைகளுக்குமே இக்கருவி பொருந்தும் என்பதும் எளிய கணக்கீடுகள் வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கலோரிமீட்டர், என்தால்பி, பிணைப்பு மாறிலி, நொதி, மருந்துக் கண்டுபிடிப்பு, நுண்கருவி.

முன்னுரை

1782–83 குளிர்காலத்தில் லவாய்சியரும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் ஒரு கினிப்பன்றியை வைத்து, உருகி வடிந்த நீரின் எடையிலிருந்து அவ்வுயிரி வெளியிட்ட வெப்பத்தைக் கணக்கிட்டனர். சுவாசமும் ஒருவகை எரிதலே என்னும் முடிவுக்கு அச்சோதனை வழிவகுத்தது. ஏறத்தாழ 220 ஆண்டுகளுக்குப் பின், ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிக்குள் மைட்டோகாண்ட்ரியாக்களின் சுவாச வெப்பம் அளக்கப்பட்டது. இரண்டும் ஒரே அடிப்படையில் அமைந்தவை. வெப்பம் எந்த வினைக்கும் உரியது. அதை அளக்க வினைபடு பொருளின்மேல் அடையாளம் எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

மருந்தாய்வாளர்களைக் கலோரிமீட்டரின்பால் ஈர்ப்பது இப்பண்பே. ஒளிரும் சாயத்தை ஒட்டினால் மூலக்கூற்றின் இயல்பு மாறலாம். புரதத்தை ஒரு பரப்பில் நிலைநிறுத்தினால் அதன் பிணைப்பிடம் மறைபடலாம். கரைசலில் தம் இயல்பு நிலையில் உலவும் மூலக்கூறுகளை அப்படியே அளப்பது கலோரிமீட்டரின் சிறப்பு. ஆயினும் எந்த வினைக்கும் வெப்பம் உண்டு என்பதும், எந்த வினையின் வெப்பத்தையும் அளந்துவிட முடியும் என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை நுண்கலோரிமீட்டர் எவ்வளவு கடந்திருக்கிறது என்பதே இங்கு எழும் வினா.

1. வெப்பத்தின் வழியே பிணைப்பை அறிதல்

இத்துறையின் இன்றைய வடிவத்திற்கு அடித்தளமிட்டது 1989இல் வைஸ்மன், வில்லிஸ்டன், பிராண்ட்ஸ், லின் ஆகியோர் வெளியிட்ட தரம்பார்த்தல் கலோரிமீட்டர் பற்றிய கட்டுரை. ஒரு கலத்தில் புரதக் கரைசல் இருக்கும். பீச்சுகுழல் வழியே மருந்துக் கரைசல் சிறிது சிறிதாகச் செலுத்தப்படும். கலத்தின் வெப்பநிலையை மாறாமல் வைத்திருக்கக் கருவி செலவிடும் மின்திறனே பிணைப்பு வெப்பத்தைக் காட்டும். முதலில் செலுத்தும் பங்குகள் மிகுந்த வெப்பத்தைத் தரும். பிணைப்பிடங்கள் நிரம்ப நிரம்ப வெப்பம் குறைந்துகொண்டே வரும். இவ்வளைகோட்டிலிருந்து பிணைப்பு மாறிலி, என்தால்பி, பிணைப்பிட எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒரே சோதனையில் கிடைக்கின்றன. பிணைப்பு மாறிலியிலிருந்து கட்டிலா ஆற்றலையும், அதற்கும் என்தால்பிக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து என்ட்ரோபியின் பங்கையும் பெறலாம்.

மேற்கண்ட ஆய்வு வகுத்த வரையறை ஒன்று இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. பிணைப்பு மாறிலியையும் கலத்திலுள்ள புரதச் செறிவையும் பிணைப்பிட எண்ணிக்கையையும் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும். பின்னர் ‘சி’ மதிப்பு என வழங்கலான அவ்வெண், ஏறத்தாழ 1 முதல் 1000 வரை இருக்கும்போதுதான் வளைகோட்டின் வடிவத்திலிருந்து பிணைப்பு மாறிலியைக் கணிக்க இயலும். மதிப்பு மிகக் குறைந்தால் கோடு தட்டையாகிவிடும். மிகுந்தால், செலுத்தப்படும் மருந்து முழுவதும் பிணைந்துகொண்டே வந்து, இடங்கள் நிரம்பியதும் வெப்பம் சட்டென நின்றுவிடும். கோடு செங்குத்துப் படியாகும். அந்நிலையில் என்தால்பி தெரியும். பிணைப்பின் வலிமை தெரியாது.

இக்கருவியின் குறை அதன் பசி. கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 1.4 மில்லிலிட்டர். 30,000 மூலக்கூற்று எடையுள்ள ஒரு புரதத்தை 20 மைக்ரோமோலார் செறிவில் நிரப்பினால் ஒரு சோதனைக்கு 0.84 மில்லிகிராம் தேவை. பின்வந்த 0.2 மில்லிலிட்டர் கலங்களில் இது 0.12 மில்லிகிராமாகக் குறைந்தது. அரிதின் முயன்று தூய்மையாக்கப்படும் புரதத்தைப் பொறுத்தவரை இதுவும் பெரிய அளவே. ஆயிரம் மூலக்கூறுகளைச் சோதிக்க 120 மில்லிகிராம் வேண்டும்.

2. என்தால்பி அணியின் அமைப்பும் கூற்றுகளும்

டோரஸ் முதலியோரின் கருவி இச்சிக்கலை வேறொரு வழியில் அணுகியது. 96 உணர்விகள் ஒரே தளத்தில் வரிசையாக அமைக்கப்பட்டன. ஒவ்வோர் உணர்வியிலும் தலா 250 நானோலிட்டர் அளவுள்ள இரு துளிகள் அருகருகே வைக்கப்பட்டு, மின்புலத்தால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அருகிலேயே வினை நிகழாத ஓர் ஒப்பீட்டுத் துளியிணையும் அவ்வாறே இணைக்கப்பட்டது. இரண்டிற்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடே குறிகையாகக் கொள்ளப்பட்டது. சூழலின் வெப்ப ஏற்ற இறக்கம் இரு பக்கங்களையும் ஒருங்கே தாக்குவதால், வேறுபாட்டில் அதன் பெரும்பகுதி நீங்கிவிடும்.

இக்கருவியின் ஆற்றலைக் காட்ட நான்கு எடுத்துக்காட்டுகள் தரப்பட்டன. ரைபோநியூக்ளியேஸ் புரதத்துடன் சைட்டிடின் மோனோபாஸ்பேட் பிணைதல், ஸ்ட்ரெப்டாவிடினுடன் பயோட்டின் பிணைதல் ஆகியவை பிணைப்பைச் சார்ந்தவை. ஹெக்சோகைனேஸ் நொதி குளுக்கோஸில் பாஸ்பேட்டைச் சேர்த்தலும், டைநைட்ரோபீனாலால் தூண்டப்பட்ட மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசமும் தொடர்வினையைச் சார்ந்தவை. தனித்தனியே சோதனை முறை வகுக்கத் தேவையின்மை, குறைந்த மாதிரி, குறைந்த நேரம் ஆகிய மூன்றும் இதன் நன்மைகளாகக் கூறப்பட்டன. நானோலிட்டர் துளியில் பிணைப்பு வெப்பத்தைக் கண்டதே பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்நான்கும் ஒரே தன்மையன அல்ல. அவ்வேறுபாட்டில்தான் கருவியின் உண்மையான எல்லை தெரிகிறது.

3. சிறுத்தது கனஅளவு, சிறுக்காதது செறிவு

வெப்பமும் வெப்பநிலையும் வெவ்வேறு என்பது பள்ளிப் பாடம். நுண்கலோரிமீட்டரை மதிப்பிட அவ்வேறுபாடு கைகொடுக்கிறது. கனஅளவு குறைந்தால் வெளிப்படும் வெப்பம் அதே விகிதத்தில் குறையும். ஆனால் அவ்வெப்பம் சூடாக்க வேண்டிய நீரும் அதே விகிதத்தில் குறைவதால் வெப்பநிலை உயர்வு மாறாது. அவ்வுயர்வை முடிவு செய்வது செறிவு மட்டுமே.

பிணைப்பு என்தால்பி மோலுக்கு 50 கிலோஜூல் எனவும், இணைந்த 500 நானோலிட்டர் துளியில் உருவாகும் அணைவின் செறிவு 100 மைக்ரோமோலார் எனவும் கொள்வோம். அணைவின் அளவு 50 பிக்கோமோல். வெளிப்படும் வெப்பம் 2.5 மைக்ரோஜூல், வெப்ப இழப்பே இல்லையெனினும் வெப்பநிலை உயர்வு ஏறத்தாழ 0.0012 டிகிரி செல்சியஸ். செறிவைப் பத்தில் ஒன்றாக்கினால் உயர்வும் பத்தில் ஒன்றாகும். பெரிய கலம் இக்குறையை நெடுநேரம் வெப்பத்தைத் திரட்டி ஈடுசெய்கிறது. துளிக்கு அந்த வசதி இல்லை. வெப்பம் ஒரு பொருளினுள் பரவ ஆகும் காலம் அதன் நீளத்தின் இருமடியைப் பொறுத்தது. நீரில் ஒரு சென்டிமீட்டரைக் கடக்கப் பத்து நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வெப்பம், அரை மில்லிமீட்டரை இரண்டு வினாடிகளுக்குள் கடந்துவிடும். ஆகவே துளியில் குறிகையைப் பெறச் செறிவைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி அரிது.

இதன் விளைவை இரு கணக்குகள் தெளிவாக்கும். முதலாவது சிக்கனத்தைப் பற்றியது. 1.4 மில்லிலிட்டர் கலத்திலிருந்து 250 நானோலிட்டர் துளிக்கு வரும்போது கனஅளவு 5,600 மடங்கு குறைகிறது. ஆனால் இணைந்த பின் 100 மைக்ரோமோலார் கிடைக்கத் தொடக்கத் துளியில் 200 மைக்ரோமோலார் புரதம் வேண்டும். இது முந்தையதைப்போல் பத்து மடங்கு. மேலும் ஓர் இணைப்பு ஒரேயொரு வெப்ப மதிப்பையே தரும். முழு வளைகோட்டிற்குப் பத்து இணைப்புகளாவது தேவை. அவ்வாறாயின் மொத்தப் புரதம் 15 மைக்ரோகிராம். 5,600 மடங்கு சிறிதாக்கியதன் பயன் 56 மடங்கு சிக்கனம். இது சிறியதன்று; ஆயினும் கனஅளவு விகிதம் எழுப்பும் எதிர்பார்ப்பு இதனினும் மிகப் பெரியது. அன்றியும் 200 மைக்ரோமோலார் என்பது மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராம். அச்செறிவில் கரையாமல் திரண்டுவிடும் புரதங்கள் பல உள்ளன.

இரண்டாவது கணக்கு ‘சி’ மதிப்பைப் பற்றியது. பிரிகை மாறிலி 10 நானோமோலார் கொண்ட ஒரு மருந்தைக் கருதினால், 100 மைக்ரோமோலார் புரதத்தில் ‘சி’ மதிப்பு 10,000. இது வரம்பிற்கு வெகுதொலைவில் உள்ளது. எனவே நல்ல மருந்து எனப்படும் வலுவான மூலக்கூறுகளின் பிணைப்பு மாறிலியைத் துளிக்கருவி நேரடியாகத் தர இயலாது. பிரிகை மாறிலி 1 மைக்ரோமோலார் எனில் மதிப்பு 100. 100 மைக்ரோமோலார் எனில் 1. வலுக்குறைந்த பிணைப்புகளே வரம்பினுள் வருகின்றன.

இவ்வொளியில் 2004 ஆய்வின் பிணைப்புச் சான்றுகளை மீண்டும் நோக்கலாம். ஸ்ட்ரெப்டாவிடின்–பயோட்டின் பிணைப்பு இயற்கையில் அறியப்பட்ட மிக வலுவான பிணைப்புகளுள் ஒன்று. அதன் பிரிகை மாறிலி ஏறத்தாழ 10 பெம்டோமோலார். வெப்பம் தெளிவாக வெளிப்படும் என்பதால் கருவியின் உணர்திறனைக் காட்ட அது ஏற்ற தேர்வு. ஆனால் பிணைப்பு மாறிலியை அளக்கும் திறனுக்கு அது சான்றாகாது. ரைபோநியூக்ளியேஸ் இணையோ வழக்கமான கலோரிமீட்டர்களைச் சரிபார்க்கப் பயன்படும், நன்கறியப்பட்ட, எளிதில் கரையும் புரதத்தைக் கொண்டது. இரண்டும் சேர்ந்து கருவி வெப்பத்தை அறியும் என்பதை நிறுவுகின்றன. புதிய, அரிய, எளிதில் திரளும் புரதமொன்றில் அது பயன்படும் என்பதை நிறுவவில்லை.

பின்வந்த கருவிகளும் இவ்வெல்லையைக் கடந்துவிட்டன எனக் கூற இயலாது. 2009இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த குழு 3.5 நானோலிட்டர் அறையையும் 4.2 நானோவாட் பகுதிறனையும் கொண்ட கலோரிமீட்டரை வெளியிட்டது. அவ்வறையில் 100 மைக்ரோமோலார் அணைவு ஒரு வினாடியில் உருவானால் கிடைப்பது 17.5 நானோவாட், அளக்கலாம். 10 மைக்ரோமோலார் எனில் 1.75 நானோவாட், கருவியின் பகுதிறனுக்குக் கீழே சென்றுவிடுகிறது.

4. ஆவியாதலும் கலத்தலும்

திறந்த துளியின் முதற்பகை ஆவியாதல். ஒரு கிராம் நீர் அறை வெப்பநிலையில் ஆவியாக ஏறத்தாழ 2,440 ஜூல் வேண்டும். அவ்வாறாயின் ஒரு பிக்கோலிட்டர் நீர் ஆவியாவதற்கு 2.4 மைக்ரோஜூல். மேற்கண்ட எடுத்துக்காட்டில் பிணைப்பு முழுவதும் தரும் வெப்பமும் ஏறத்தாழ இதுவே. அதாவது துளியின் ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கு, ஒப்பீட்டுத் துளியைவிடக் கூடுதலாக ஆவியானால் போதும். அளக்க வந்த குறிகை அழிந்துவிடும். ஒப்பீட்டுத் துளி எத்துணை இன்றியமையாதது என்பதும், இரு துளிகளும் எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். 2016இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டர் கொண்ட மூடிய பலபடி அறைகளை நாடியது இக்கோணத்தில் பொருத்தமான திருத்தம் எனலாம்.

அடுத்தது கலத்தல். அரை மில்லிமீட்டரை வெப்பம் இரண்டு வினாடிகளில் கடக்க, விரவல் ஒன்றையே நம்பினால் சிறு மருந்து மூலக்கூறு எட்டு நிமிடங்களும், புரதம் நாற்பது நிமிடங்களும் எடுத்துக்கொள்ளும். மூலக்கூறுகள் சந்திக்கும் முன்னரே அவை தரவேண்டிய வெப்பம் கசியத் தொடங்கிவிடும். துளியை விரைந்து கலக்குவது இக்கருவிக்கு உயிர்நாடி. கலக்கும் செயலே உராய்வு வெப்பத்தை உண்டாக்கும் என்பதோ அதன் இக்கட்டு.

மருந்தாய்வுக்கே உரிய மற்றொரு தொல்லையும் உண்டு. மருந்து மூலக்கூறுகள் பெரும்பாலும் டைமெத்தில் சல்பாக்சைடு கரைப்பானில் சேமிக்கப்படுகின்றன. அக்கரைப்பான் நீருடன் கலக்கும்போது பெருமளவு வெப்பம் வெளிப்படும். இரு துளிகளிலும் அதன் விழுக்காடு சிறிது வேறுபட்டாலும் அவ்வெப்பம் பிணைப்பு வெப்பத்தை மூழ்கடித்துவிடும். தாங்கல் கரைசலும் வெப்பத்தில் பங்குகொள்கிறது. பிணைப்பின்போது ஒரு புரோட்டான் ஏற்கப்பட்டாலோ விடப்பட்டாலோ, டிரிஸ் தாங்கலில் மோலுக்கு ஏறத்தாழ 47 கிலோஜூல் வேறுபாடு தோன்றும். பாஸ்பேட் தாங்கலில் 4 கிலோஜூலுக்கும் குறைவே. வெப்பம் எல்லாவற்றுக்கும் பொதுவானது என்னும் சிறப்பின் மறுபக்கம் இது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, எதற்கு உரியது எனத் தானே கூறுவதில்லை.

5. என்தால்பி என்னும் எண்ணின் நம்பகத்தன்மை

கலோரிமீட்டரைச் சிறிதாக்கும் முயற்சிக்குப் பின்னால் ஒரு கோட்பாட்டு நம்பிக்கையும் இருந்தது. 2008இல் எர்னெஸ்டோ ஃப்ரெயர், எச்.ஐ.வி. புரோட்டியேஸ் தடுப்பான்களையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்களையும் சான்றாகக் கொண்டு, ஒரு வகையில் முதலில் வந்த மருந்துகளைவிடப் பின்னர் வந்த மேம்பட்ட மருந்துகள் என்தால்பியால் மிகுதியாகப் பிணைகின்றன எனச் சுட்டினார். அவ்வாறாயின் தொடக்க நிலையிலேயே என்தால்பியை அளந்து, அதன்படி மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. பல்லாயிரம் மூலக்கூறுகளுக்கு இதனைச் செய்யச் சிறிய, விரைவான கருவி வேண்டும்.

இந்நம்பிக்கைக்கு எதிரான சான்றும் முன்னரே இருந்தது. 2003இல் வெளியான ஒப்பீட்டாய்வு ஒன்றில் 14 பங்கேற்பாளர்கள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியையும் ஒரே தடுப்பானையும் அளந்தனர். என்தால்பியின் சராசரி மோலுக்கு −10.4 கிலோகலோரி, திட்ட விலக்கம் 2.5 கிலோகலோரி. 25 டிகிரி செல்சியஸில் பிணைப்பு வலிமை பத்து மடங்கு கூடுவதற்கு ஈடான ஆற்றல் 1.4 கிலோகலோரி மட்டுமே என்பதை நோக்க, இவ்விலக்கத்தின் அளவு விளங்கும்.

பிழையின் முதன்மை ஊற்று வெப்ப உணர்வி அன்று; கரைசலின் செறிவு. செலுத்தப்படும் மருந்தின் செறிவில் 10 விழுக்காடு பிழை நேர்ந்தால் பிணைப்பு மாறிலியிலும் என்தால்பியிலும் ஏறத்தாழ 10 விழுக்காடு பிழை புகும். கட்டிலா ஆற்றல் மாறிலியின் மடக்கையைச் சார்ந்ததால் அதில் 0.06 கிலோகலோரிதான் மாறும். என்தால்பியிலோ ஒரு கிலோகலோரி முழுதாக மாறிவிடும். என்ட்ரோபியின் பங்கு இவ்விரண்டின் வேறுபாடாகக் கணிக்கப்படுவதால் அப்பிழை எதிர்க்குறியுடன் அங்கும் சென்று சேரும். என்தால்பி கூடும்போதெல்லாம் என்ட்ரோபி குறைந்து ஈடுகட்டுவதாகத் தோன்றும் நிகழ்வில் ஒரு பகுதி இத்தகைய அளவீட்டுப் பிழையின் நிழலாக இருக்கலாம் என 2013இல் கோடராவும் மோப்லியும் எச்சரித்தனர்.

நுண்கருவி இப்பிழையைக் குறைப்பதில்லை, புதியதொன்றையும் சேர்க்கிறது. 250 நானோலிட்டர் துளியை இடுகையில் 12.5 நானோலிட்டர் தவறினால் என்தால்பியில் 5 விழுக்காடு பிழை. 96 துளியிணைகளும் ஒரே மூலக்கரைசலிலிருந்து வந்தவையெனில், அதன் செறிவுப் பிழை எல்லாவற்றிலும் ஒரே திசையில் அமையும். அளவீடுகளின் எண்ணிக்கை கூடுவதால் அவை தம்முள் ஒத்துப்போகும். ஒத்துப்போவதாலேயே சரியானவை போலவும் தோன்றும். எந்த மூலக்கூற்றைத் தொடர்வது, எதனைக் கைவிடுவது என்னும் முடிவு இவ்வெண்களைச் சார்ந்திருப்பின், விரைவான கருவி தவறான முடிவையும் விரைவாகத் தரும்.

6. கருவிக்கு உரிய இடம்

மேற்கூறியவை நுண்கலோரிமீட்டரை மறுப்பன அல்ல. அதன் இடத்தை வரையறுப்பன. 2004 ஆய்வின் நான்கு சான்றுகளுள் பின்னிரண்டும் இங்கு முதன்மை பெறுகின்றன. பிணைப்பில் ஒவ்வோர் இணையும் ஒருமுறை மட்டுமே வெப்பம் தரும். நொதியோ அதே செயலை மீண்டும் மீண்டும் செய்வது; ஒரு நொதி மூலக்கூறு பல வினைபடு மூலக்கூறுகளை மாற்ற, வெப்பம் தொடர்ந்து திரளும். உயர்ந்த செறிவு தேவைப்படுவது மலிவாகக் கிடைக்கும் வினைபடு பொருளுக்கே; அரிய புரதம் குறைந்த செறிவில் இருந்தால் போதும். தடுப்பான் சேர்க்கப்பட்டால் வெப்பம் வெளிப்படும் வீதம் குறையும். அக்குறைவிலிருந்து தடுப்பு மாறிலியைப் பெறலாம். ‘சி’ மதிப்பின் தளை இங்கு இல்லை.

பாலோ ஆல்டோ குழுவினரின் பின்னைய பயணமும் இத்திசையிலேயே அமைந்தது. 2008இல் அவர்கள் என்தால்பி அணியைக் கொண்டு நொதி வினைவேகத்தையும் தடுப்பு மாறிலிகளையும் அளந்தனர். 2014இல் வெளியான ஆய்வில் பாஸ்போடைஎஸ்டரேஸ் 10ஏ என்னும் நொதிக்கான தடுப்பான்களைச் சிறு துண்டு மூலக்கூறுகளிலிருந்து கண்டறிய நுண்கலோரி அளவீடும் எக்ஸ் கதிர்ப் படிகவியலும் இணைத்துப் பயன்படுத்தப்பட்டன. துண்டு மூலக்கூறுகள் இயல்பாகவே வலுக்குறைந்து பிணைபவை. உயர் செறிவு கேட்கும் கருவியும், உயர் செறிவில் சோதிக்கப்பட வேண்டிய மூலக்கூறும் இங்கு ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. வெப்ப அளவீடு மட்டும் தனித்து நின்று முடிவு கூறாமல், பிணைப்பைக் கண்ணுக்குக் காட்டும் படிகவியல் அதற்குத் துணைநின்றதும் கருதத்தக்கது.

முடிவுரை

என்தால்பி அணி, வழக்கமான தரம்பார்த்தல் கலோரிமீட்டரின் சிறிய வடிவம் எனப் பார்க்கப்படும்போது ஏமாற்றம் தருகிறது. கனஅளவில் பெற்ற ஆதாயத்தின் பெரும்பகுதியைச் செறிவும் அளவீட்டு எண்ணிக்கையும் திரும்பப் பெற்றுக்கொள்கின்றன. வலுவான மருந்துகளின் பிணைப்பு மாறிலி அதன் வரம்பிற்கு வெளியே நிற்கிறது. அது தரும் என்தால்பி, செறிவை அறிந்த துல்லியத்தைவிடத் துல்லியமாக இருக்க இயலாது. எனவே பொதுவான சோதனை முறை என்னும் கூற்று, வெப்பம் என்னும் குறிகையின் பொதுத்தன்மைக்குப் பொருந்துமே அன்றிக் கருவியின் பயன்பாட்டிற்கு முழுமையாகப் பொருந்தாது.

நொதியின் செயலையும் வலுக்குறைந்த பிணைப்பையும் அடையாளம் ஒட்டாமல் அறியும் தனிக் கருவியாகக் கொள்ளும்போது அதன் மதிப்பு உயர்கிறது. இத்துறையில் இனிவரும் ஆய்வுகள் கனஅளவையும் பகுதிறனையும் மட்டும் அறிவிப்பதோடு நில்லாமல், எந்தச் செறிவில் அளக்கப்பட்டது, அச்செறிவு எம்முறையில் உறுதி செய்யப்பட்டது, எளிதில் கரையாத புரதத்தில் சோதிக்கப்பட்டதா என்னும் மூன்றையும் அறிவித்தல் வேண்டும். லவாய்சியரும் லாப்லாஸும் கலத்தினுள் வைத்தது ஒரேயொரு கினிப்பன்றி. அவர்கள் உள்ளே வைத்ததன் அளவில் ஐயத்திற்கு இடமில்லை. துளிக்குள் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதை அதே உறுதியுடன் கூற இயலும் நாளில்தான் துளியின் வெப்பமும் முழுப்பொருள் பெறும்.